பூட்டு திறக்கவில்லை என்றால் கதவைக் கழற்றலாமா? கடை இன்டர்நெட் பெட்டியின் முகவரி மாற்றமும் பயர்வாலும்



நான் பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்தவன். மதுரை கீழமாசி வீதிப் பக்கம் பருப்பு, வற்றல், மல்லி மொத்த வியாபாரம். எனக்குத் தெரிந்தது தராசும் சிட்டையும். கம்ப்யூட்டர் என் மகன் கொண்டு வந்தது. அப்படிப்பட்டவன் இன்டர்நெட் பெட்டியைப் பற்றி எழுதுவது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் 2022-ஆம் வருஷம், தீபாவளிக்கு முந்தைய மாதம், எங்கள் பற்றுக் கணக்கு முழுவதும் ஒரே இரவில் கையை விட்டுப் போயிற்று. அந்தப் பெட்டியில் ஒரு வரி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அதைத் தேடிப் பார்க்கப் பொறுமை இல்லாமல் எல்லாவற்றையும் திறந்து விட்டோம். பட்ட பிறகு கற்றுக் கொண்டதை உங்களுக்குச் சொல்ல வேண்டியது என் கடமை என்று நினைத்தே எழுதுகிறேன்.

நடந்தது இதுதான்

கடையில் பில் கம்ப்யூட்டர். ஊருக்கு வெளியே 12 கிலோமீட்டரில் கிட்டங்கி. லாரியில் சரக்கு இறங்கியதும் கிட்டங்கியிலிருந்தே கடைக் கம்ப்யூட்டரில் இருப்பு ஏற்றுவோம். சரக்கு புறப்பட்டால் அங்கேயே பில் எடுப்போம். இடி மின்னலில் பழைய ரவுட்டர் பெட்டி போய் விட்டது. புதுப் பெட்டி வைத்தோம். அன்றிலிருந்து கடையில் இன்டர்நெட் வந்தது, கிட்டங்கியிலும் வந்தது, ஆனால் கிட்டங்கியிலிருந்து கடைக் கம்ப்யூட்டரை மட்டும் எட்ட முடியவில்லை.

சரி செய்ய வந்த தம்பி இரண்டு மணி நேரம் பார்த்தார். கிட்டங்கி வாசலில் மூன்று லாரி நிற்கிறது. டிரைவர்கள் போன் மேல் போன். நான்தான் அவசரப்படுத்தினேன். அவர் பயர்வாலை அணைத்தார். வெளியிலிருந்து எது வந்தாலும் பில் கம்ப்யூட்டருக்கே அனுப்பு என்று ஒரு வரி போட்டார். உடனே வேலை செய்தது. "இப்போதைக்கு ஓடட்டும் அண்ணாச்சி, நாளைக்கு வந்து முறையாகச் செய்து தருகிறேன்" என்றார். நாளைக்கு அவர் வரவில்லை. வேலைதான் நடக்கிறதே என்று நானும் கூப்பிடவில்லை.

பத்தொன்பதாம் நாள், திங்கட்கிழமை காலை, கம்ப்யூட்டரைத் திறந்தால் கணக்குக் கோப்புகள் ஒன்றும் திறக்கவில்லை. பணம் கட்டினால் திறந்து தருவோம் என்று ஒரு ஓலை மட்டும் திரையில் இருந்தது.

முகவரி மாற்றம் என்றால் என்ன?

இதைப் புரிந்து கொள்ள, 20 கடைகள் உள்ள ஒரு வணிக வளாகத்தை நினைத்துக் கொள்ளுங்கள். வளாகம் முழுவதற்கும் மாநகராட்சி கொடுத்தது ஒரே கதவு எண். உள்ளே 1-ஆம் கடை, 2-ஆம் கடை என்று நாமே எண் போட்டுக் கொண்டிருக்கிறோம். இந்த உள் எண் வெளியே தபால்காரருக்குத் தெரியாது. வாசலில் ஒரு குமாஸ்தா இருக்கிறார். 5-ஆம் கடைக்காரர் கடிதம் கொடுத்தால், அனுப்புநர் இடத்தில் வளாகத்தின் கதவு எண்ணை எழுதி, "இது 5-ஆம் கடையுடையது" என்று தன் நோட்டில் குறித்துக் கொண்டு அனுப்புவார். பதில் வந்ததும் நோட்டைப் பார்த்து 5-ஆம் கடையில் சேர்ப்பார்.

உங்கள் ரவுட்டர் பெட்டி செய்வதும் இதே வேலைதான். இதற்கு 'நாட்' என்று பெயர். உலகத்தில் பழைய முறை ஐ.பி. முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடிதான். அது போதாது என்று தெரிந்ததும், ஒரே வெளி முகவரியைப் பலர் பகிர்ந்து கொள்ளும் இந்த ஏற்பாடு 1994-ல் எழுத்தில் வந்தது. 192.168 என்று தொடங்கும் முகவரி, 10 என்று தொடங்கும் முகவரி, 172.16 முதல் 172.31 வரை தொடங்கும் முகவரி ஆகியவை உள் எண்கள். உங்கள் கடையிலும் என் கடையிலும் அதே எண் இருக்கலாம். வெளியே அதற்கு மதிப்பில்லை.

இப்போது யாரோ முன்பின் கடிதப் போக்குவரத்து இல்லாதவர், வளாகத்தின் கதவு எண்ணை மட்டும் எழுதி ஒரு பார்சல் அனுப்புகிறார். குமாஸ்தா நோட்டில் குறிப்பே இல்லை. யாரிடம் கொடுப்பது? திருப்பி விடுவார். கிட்டங்கியிலிருந்து வரும் அழைப்பும் இப்படிப்பட்ட பார்சல்தான். அது உள்ளே வர வேண்டுமானால் குமாஸ்தாவுக்கு நிரந்தர உத்தரவு ஒன்று தேவை: "8085 என்று போட்டு வருவதை 192.168.1.50 என்ற கம்ப்யூட்டரில் சேர்." இந்த 8085 போன்ற எண்ணுக்குப் போர்ட் என்றும், அந்த உத்தரவுக்குப் போர்ட் பார்வர்டிங் என்றும் பெயர்.

பயர்வால் வேறு ஆள்

நாங்கள் தவறிய இடம் இதுதான். குமாஸ்தாவுக்கு உத்தரவு கொடுத்தால் போதும் என்று நினைத்து விடுகிறோம். குமாஸ்தாவுக்குப் பின்னால் ஒரு வாட்ச்மேன் நிற்கிறார். அவர்தான் பயர்வால். குமாஸ்தாவின் வேலை முகவரியை மாற்றுவது. வாட்ச்மேனின் வேலை விடலாமா கூடாதா என்று தீர்மானிப்பது. சிறிய வீட்டுப் பெட்டிகளில் முதல் உத்தரவு போட்டதும் இரண்டாவது தானாகவே சேர்ந்து விடும். கடைகளுக்கும் ஆபீஸ்களுக்கும் விற்கும் பெட்டிகள் பலவற்றில் இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும்.

வாட்ச்மேனைப் பற்றி இரண்டு விஷயங்களை மனதில் வைக்க வேண்டும்.

ஒன்று, அவர் கையில் உள்ள பட்டியலை மேலிருந்து கீழாகப் படிப்பார். முதலில் எந்த வரி பொருந்துகிறதோ அதன்படி நடப்பார். அதற்குக் கீழே பார்க்கவே மாட்டார். "மற்ற எவரையும் விடாதே" என்ற வரி மேலேயும், "கிட்டங்கி ஆளை விடு" என்ற வரி அதற்குக் கீழேயும் இருந்தால், கிட்டங்கி ஆள் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். புதிதாகச் சேர்க்கும் வரி பட்டியலின் அடியில் போய் உட்காருவது பல பெட்டிகளின் வழக்கம். எங்கள் பெட்டியில் நடந்ததும் இதுவே. அந்தத் தம்பி எழுதிய வரியில் பிழை ஒன்றும் இல்லை. அது இருந்த இடம்தான் பிழை. ஒரு வரியை மேலே ஏற்றியிருந்தால் போதும். எல்லாம் முடிந்த பிறகு வேறொருவர் வந்து பார்த்து, ஒரு நிமிஷத்தில் இதைக் காட்டினார்.

இரண்டு, வாட்ச்மேன் பார்ப்பது எந்த முகவரியை? லினக்ஸ் அடிப்படையில் ஓடும் பெட்டிகளில் குமாஸ்தா முதலில் முகவரியை மாற்றி விடுவார். வாட்ச்மேன் பார்ப்பது மாற்றிய பிறகு உள்ள உள் முகவரியை. ஆகவே அனுமதி வரியில் 192.168.1.50 என்றும், உள் போர்ட் எண்ணையும்தான் எழுத வேண்டும். வெளியே 9090, உள்ளே 8085 என்று மாற்றி வைத்திருந்தால் வாட்ச்மேனிடம் 8085 என்றே சொல்ல வேண்டும். வெளி முகவரியை எழுதி வைத்து விட்டு, ஏன் விடவில்லை என்று கேட்பவர்கள் நிறையப் பேர். சில பெரிய கம்பெனிப் பெட்டிகளில் மாற்றுவதற்கு முந்தைய முகவரியையே எழுத வேண்டியிருக்கும். வாங்கும்போதே இதைக் கேட்டு, பெட்டியோடு வந்த கையேட்டிலும் சரி பார்த்துக் கொள்ள வேண்டும்.

வரிசையாகப் பார்க்கும் முறை

கணக்கு இடித்தால் பேரேட்டைத் தூக்கி எறிந்து விட்டுப் புதிது போடுவதில்லை. சிட்டையிலிருந்து ஒவ்வொரு பக்கமாகக் கூட்டிப் பார்க்கிறோம். இதற்கும் அதே முறைதான். உள்ளேயிருந்து வெளியே போக வேண்டும்.

1. கடைக்குள் வேலை செய்கிறதா? கடையிலேயே உள்ள வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து உள் முகவரியைப் போட்டுப் பாருங்கள். அங்கேயே வராவிட்டால் ரவுட்டர் மேல் குற்றம் இல்லை. பில் புரோகிராம் ஓடவில்லை, அல்லது விண்டோஸுக்கு உள்ளேயே இருக்கும் பயர்வால் தடுக்கிறது. புதுப் பெட்டி வைத்ததும் விண்டோஸ் அதைப் பொது இடத்து இணைப்பு என்று எண்ணிக் கொண்டு கெடுபிடியைக் கூட்டி விடுவது உண்டு. பில் புரோகிராமுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள், பயர்வாலை அணைக்காதீர்கள்.

2. உள் முகவரி மாறி விட்டதா? பெட்டி தன் இஷ்டத்துக்கு முகவரிகளைப் பங்கிடும். நேற்று 50 என்று இருந்தது, மின்சாரம் போய் வந்ததும் 53 ஆகலாம். குமாஸ்தா 50-க்கே அனுப்பிக் கொண்டிருப்பார். பில் கம்ப்யூட்டருக்கு என்றும் ஒரே எண் கிடைக்கும்படி பெட்டியில் பதிந்து வைக்க வேண்டும்.

3. பதில் எந்த வாசல் வழியாகப் போகிறது? எங்கள் பக்கத்துக் கடையில் இரண்டு கம்பெனி இணைப்பு, இரண்டு பெட்டி. அழைப்பு புதுப் பெட்டி வழியாக வந்தது. பில் கம்ப்யூட்டரில் கேட்வே என்ற இடத்தில் பழைய பெட்டியின் எண் இருந்ததால் பதில் அந்த வழியாகப் போயிற்று. ஒரு முகவரிக்கு எழுதிய கடிதத்துக்கு வேறு முகவரியிலிருந்து பதில் வந்தால் யார் ஏற்பார்? மறுமுனை அதைத் தள்ளி விட்டது. கேட்வே எண்ணை மாற்றியதும் சரியாயிற்று.

4. உங்களுக்கென்று வெளி முகவரி உண்மையிலேயே இருக்கிறதா? ரவுட்டர் திரையில், இன்டர்நெட் பக்கத்து முகவரி என்ன என்று பாருங்கள். 'என் ஐ.பி. என்ன' என்று கூகிளில் கேட்டால் ஒரு முகவரி வரும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ரவுட்டரில் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண் இருந்தால், இன்டர்நெட் கம்பெனியே ஒரு பெரிய வாசல் வைத்து, உங்களைப் போன்ற பலரை ஒரே வெளி முகவரியில் உட்கார வைத்திருக்கிறது என்று அர்த்தம். 2012-ல் அந்த எண்களை இதற்கென்றே ஒதுக்கினார்கள். அந்த வாசல் குமாஸ்தா உங்கள் உத்தரவைக் கேட்க மாட்டார். உங்கள் பெட்டியில் எத்தனை வரி எழுதினாலும் பயனில்லை. நிலையான வெளி முகவரி வேண்டும் என்று கம்பெனியில் கேட்டு வாங்க வேண்டும். ரவுட்டரில் 192.168 என்று இருந்தால் பெரும்பாலும் கம்பெனி வைத்த மோடமே முகவரி மாற்றம் செய்கிறது. ஒரு வளாகத்துக்குள் இன்னொரு வளாகம். மோடத்தை 'பிரிட்ஜ்' முறைக்கு மாற்றச் சொல்ல வேண்டும்.

5. உத்தரவு வரியை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். வெளிப் போர்ட், உள் போர்ட், உள் முகவரி, டி.சி.பி.யா யூ.டி.பி.யா என்ற நான்கையும் ஒருவர் படிக்க இன்னொருவர் சரி பார்க்க வேண்டும். டி.சி.பி. கேட்கும் புரோகிராமுக்கு யூ.டி.பி. என்று எழுதினால், சரியான கடைக்குத் தப்பான சரக்கு அனுப்பியது போல.

6. வெளியேயிருந்து சோதியுங்கள். கடைக்குள் உட்கார்ந்து கொண்டு வெளி முகவரியைப் போட்டுப் பார்த்து "வரவில்லை" என்பது சரியான சோதனை அல்ல. உள்ளேயிருந்து வாசல் வரை போய்த் திரும்ப உள்ளே வருவதைப் பல பெட்டிகள் அனுமதிப்பதில்லை. செல்போனில் வைபையை அணைத்து விட்டு, போன் கம்பெனி இணைப்பில் பாருங்கள்.

7. எண்ணிக்கையைப் பாருங்கள். ஆபீஸ் வகைப் பெட்டிகளில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அந்த வரி எத்தனை முறை பயன்பட்டது என்று எண் ஓடும். வெளியேயிருந்து ஒருவர் முயலும் அதே நேரத்தில் நீங்கள் திரையைப் பாருங்கள். குமாஸ்தா வரியின் எண் ஏறவில்லை என்றால் அழைப்பு உங்கள் வாசலுக்கே வரவில்லை அல்லது வரியில் போர்ட் தவறு. 4, 5-க்குத் திரும்புங்கள். குமாஸ்தா வரி ஏறுகிறது, வாட்ச்மேனின் அனுமதி வரி ஏறவில்லை, தடை வரி ஏறுகிறது என்றால் பட்டியலின் வரிசையோ அனுமதியில் எழுதிய முகவரியோ தவறு. இரண்டும் ஏறுகிறது, ஆனாலும் இணைப்பு இல்லை என்றால் பெட்டி தன் வேலையை முடித்து விட்டது. 1, 3-க்குப் போய்க் கம்ப்யூட்டரைப் பாருங்கள்.

இந்த ஏழாவது ஒன்றைத் தெரிந்து வைத்திருந்தால் எங்களுக்கு அன்று கால் மணி நேரத்தில் விடை கிடைத்திருக்கும்.

ஒரு சமயத்தில் ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். செய்வதற்கு முன் பழையதைக் காகிதத்தில் எழுதிக் கொள்ளுங்கள். மாற்றிய பின், ஏற்கெனவே திறந்திருந்த இணைப்பை மூடி விட்டுப் புதிதாக முயலுங்கள். பழைய இணைப்புக்குப் பழைய குறிப்பே நோட்டில் இருக்கும். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

திறந்து விட்டால் என்ன ஆகும்?

"நம் கடையில் என்ன இருக்கிறது, யார் வரப் போகிறார்கள்?" என்று நானும் கேட்டவன்தான். வருகிறவர் நம் கடையைத் தேடி வருவதில்லை. இன்டர்நெட்டில் உள்ள முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பதற்கென்றே இயந்திரங்கள் இரவும் பகலும் ஓடுகின்றன. 2016-ல் மிராய் என்ற விஷப் புரோகிராம், வாங்கியபோது இருந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரெக்கார்டர் பெட்டிகளையும் லட்சக்கணக்கில் பிடித்து, அவற்றை வைத்தே பெரிய இன்டர்நெட் தளங்களை முடக்கியது. 2017 மே மாதம் வானாகிரை என்பது 445 என்ற போர்ட் வழியாகப் பரவிப் பல நாடுகளின் கம்ப்யூட்டர்களைப் பூட்டியது.

எங்கள் கம்ப்யூட்டரில், தூரத்திலிருந்து சர்வீஸ் பார்ப்பதற்காக 3389 என்ற போர்ட்டில் ரிமோட் வசதி போட்டு வைத்திருந்தார்கள். பாஸ்வேர்டு கடைப் பெயரும் 123-ம். வாட்ச்மேன் இருந்த வரைக்கும் அது வெளியே தெரியவில்லை. அவரை வீட்டுக்கு அனுப்பிய பிறகு, 8085-க்காகத் திறந்த கதவில் 3389-ம் திறந்தது.

கணக்கின் நகல் எடுத்து வைத்த ஹார்டு டிஸ்க் அதே கம்ப்யூட்டரில் செருகியபடியே இருந்ததால் அதுவும் பூட்டப்பட்டது. மகன் பையில் கிடந்த ஒரு பென்டிரைவில் 11 நாளைக்கு முந்தைய நகல் இருந்தது. அதுதான் காப்பாற்றியது. அந்த 11 நாள் பற்றை எப்படி எழுதுவது? ஒவ்வொரு சில்லறைக் கடையாக நானும் கணக்குப்பிள்ளையும் ஏறி இறங்கினோம். பெரும்பாலோர் தங்கள் சிட்டையை எடுத்துக் காட்டி, "இவ்வளவு தர வேண்டும் அண்ணாச்சி, எழுதிக் கொள்ளுங்கள்" என்றார்கள். சில கடைகளில் கணக்கு ஒத்து வரவில்லை. அதை நான் வற்புறுத்தவில்லை. ஓலை எழுதியவனுக்குப் பணம் கட்டவில்லை. என்னைத் தூக்கி நிறுத்தியது சில்லறைக் கடைக்காரர்களின் நாணயம். ஆனால் அடுத்தவர் நாணயத்தை நம்பி நம் வாசலைத் திறந்து போடலாமா?

செய்ய வேண்டியவை

எல்லாப் போர்ட்டையும் ஒரே கம்ப்யூட்டருக்கு அனுப்பும் 'டி.எம்.இசட்.' வசதியைச் சோதனைக்குக் கூடப் போடாதீர்கள். தேவையான ஒரு போர்ட்டை மட்டும் திறந்து, கிட்டங்கிக்கு நிலையான முகவரி இருந்தால் "அந்த முகவரியிலிருந்து வந்தால் மட்டும்" என்று அனுமதி வரியில் சேர்த்து எழுதுங்கள்.

அதைவிட நல்லது வி.பி.என். என்ற தனிப் பாதை. கடைக்கும் கிட்டங்கிக்கும் நடுவில் பூட்டிய பாதை போட்டு விட்டால் பில் போர்ட்டை வெளியே காட்ட வேண்டியதே இல்லை. இலவசமாகக் கிடைக்கும் வயர்கார்டு போன்றவை இப்போது பல ரவுட்டர்களிலேயே இருக்கின்றன. எங்கள் கடையில் இப்போது அதுதான். கேமராவுக்கும் இதே வழி. 3389-ஐ ஒருபோதும் நேராக வெளியே திறக்க வேண்டாம்.

உள்ளே உள்ள கருவிகள் கேட்டதும் பெட்டி தானே போர்ட் திறந்து கொடுக்கும் 'யூ.பி.என்.பி.' வசதியை அணைத்து வையுங்கள். புதிய முறை ஐ.பி.வி.6 முகவரியில் இந்த முகவரி மாற்றம் தேவையில்லை. ஆனால் அங்கேயும் வாட்ச்மேன் வேண்டும். நகல் எடுத்த டிஸ்க்கைக் கழற்றி வேறிடத்தில் வையுங்கள். ஆன்லைனில் மோசடி நடந்து பணம் போனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகார் சொல்லலாம்.

இன்னும் ஒன்று. சரி செய்ய வருகிற தம்பிகளை நாம் அவசரப்படுத்தக் கூடாது. வேலை முடிந்ததும் "ஓடுகிறதா?" என்று மட்டும் கேட்காமல், "என்னென்ன திறந்தீர்கள், என்னென்ன மூடினீர்கள், எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். அந்தக் காகிதத்தைப் பத்திரங்களோடு வையுங்கள். அன்று அந்த மூன்று லாரிகளும் ஒரு மணி நேரம் கூடுதலாக நின்றிருந்தால் காத்திருப்புக் கூலிதான் போயிருக்கும்.

இன்றிரவு கடையைச் சாத்தும்போது, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பீர்கள் அல்லவா? நாளைக் காலையில் அந்தப் பெட்டியின் பட்டியலையும் ஒரு முறை திறந்து பார்த்து விடுங்கள். புரியாத வரி இருந்தால், அது எதற்கு என்று தெரிந்தவரைக் கேட்டு, தேவையில்லாததை அன்றே எடுத்து விடுமாறு கேட்டுக் கொள்கிறேன்.